வயிற்றில் கட்டும் நீரும், தலையில் எழுதிய ஆயுளும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் சிலருக்கு ஆச்சரியமாகத் தோன்றலாம். "சுயமரியாதைக்காரன் சாமியைப்பற்றிப் பேசுவான், சாதியைப்பற்றிப் பேசுவான்; இன்று வியாதியைப்பற்றிப் பேச வந்துவிட்டானே, இவன் எப்போது வைத்தியனானான்?" என்று கேட்கலாம். நாம் வைத்தியரல்ல. பெரிய படிப்புப் படித்தவருமல்ல. ஆனால் நம் நாட்டில் வியாதி வந்த வீட்டுக்குள் முதலில் நுழைகிறவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஜோசியன் நுழைகிறான், மந்திரக்காரன் நுழைகிறான், பரிகாரம் செய்கிற புரோகிதன் நுழைகிறான். இருக்கிற பணமெல்லாம் இவர்களுக்குக் கொடுத்துத் தீர்ந்த பிறகு, கடைசியாகத்தான் டாக்டரைத் தேடிப் போகிறோம். ஆகவே வியாதியும் நமது பிரசாரத்திற்குட்பட்ட விஷயமே என்பதுதான் நமது அபிப்பிராயம்.

சென்ற வருஷம் ஒரு கூட்டம் முடிந்ததும் ஒரு வாலிபர் நம்மிடம் தனியாக வந்தார். "அண்ணா, எங்கள் அப்பாவுக்கு வயிற்றில் நீர் கட்டியிருக்கிறது. ஜோசியர் தை மாதம் தாண்டாது என்கிறார். தாண்டினால் எண்பது வயது இருப்பார் என்கிறார். பூசாரி பன்னிரண்டு அமாவாசைக்கு வந்தால் வயிறு வற்றிவிடும் என்கிறார். டாக்டர் மாத்திரம் இத்தனை நாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, முதலில் இரத்தமும் வயிற்று நீரும் சோதிக்க வேண்டும் என்கிறார். மூன்று பேரில் யாரை நம்புவது?" என்று கேட்டார்.

தோழர்களே! இந்தக் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. தை தாண்டாது, தாண்டினால் எண்பது என்று சொல்லுகிறவனுக்கு எந்தக் காலத்திலும் தோல்வி கிடையாது. நோயாளி செத்தாலும் ஜோசியம் பலித்தது, பிழைத்தாலும் ஜோசியம் பலித்தது. எது நடந்தாலும் பலித்துவிடுகிற வார்த்தையினால் நோயாளிக்கு என்ன லாபம்? தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்துகொள்ளுவதற்கு வழியும் சொல்லுகிறவர் அந்த மூவரில் ஒருவர்தான். அவரிடம் போங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அதற்குப்பின் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்லுகிறோம்.

முதலாவது, இந்த வியாதி என்ன என்று பார்ப்போம். மகோதரம் என்றும், பெருவயிறு என்றும் நம்மவர்கள் சொல்லி வருவது, குடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுப் பைக்குள் நீர் சேர்ந்துவிடுவதாகும். ஐந்து லிட்டர், பத்து லிட்டர்கூடச் சேருவதுண்டு. உண்மையில் இது தனி வியாதியல்ல. வேறொரு வியாதியின் அடையாளமாகும். வீட்டுக் கூரை ஒழுகினால் தரையில் தண்ணீர் நிற்கிறது. தரையைத் துடைப்பதும் அவசியந்தான், ஆனால் ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தரையை மாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தால் புத்திசாலித்தனமாகுமா?

அந்த ஓட்டை பெரும்பாலும் கல்லீரலில் இருக்கிறது. மேல்நாட்டுக் கணக்குப்படி இவ்வியாதியுள்ளவர்களில் 100க்கு 80 பேருக்குக் கல்லீரல் சுருங்கி, தழும்பேறிக் கெட்டியாகிப்போன 'சிரோசிஸ்' என்பதே காரணம். 100க்கு 10 பேருக்குப் புற்றுநோய் காரணம். மற்றவர்களுக்கு இருதயம் சோர்ந்துபோவதும், காசநோயும், சிறுநீரக வியாதியும், கணையத்தின் கோளாறும் காரணமாகின்றன. நம் நாட்டில் காசநோயின் பங்கு மேல்நாட்டைவிட அதிகம்.

கல்லீரல் கெட்டால் வயிற்றில் ஏன் நீர் சேரவேண்டும் என்று கேட்கலாம். விவசாயிகளுக்கு இது சுலபமாக விளங்கும். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வருகிற இரத்தமெல்லாம் ஒரே பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் பாய்கிறது. கல்லீரல் கெட்டியாகிவிட்டால், மதகு அடைத்த வாய்க்கால் போலப் பின்னால் இரத்தம் தேங்குகிறது. கரை வழியே கசிகிறது. இரத்தத்திலுள்ள நீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைக்கிற 'ஆல்புமின்' என்கிற சத்தை உண்டாக்குவதும் கல்லீரலே, அதுவும் குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, உடலில் இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் தப்பாகக் கணக்குப் போட்டு, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் சேர்த்து வைக்கிறது. அவ்வுப்பும் நீரும் போய்ச் சேருமிடம் வயிறு. இதில் சனிக்கு எங்கே வேலை? செய்வினைக்கு எங்கே இடம்?

நிற்க, நம் 'புண்ணிய' நூல்கள் இதற்கு என்ன காரணம் சொல்லுகின்றன என்று பாருங்கள். ரிக் வேதத்தைச் சேர்ந்த ஐதரேய பிராமணத்தில் ஒரு கதை இருக்கிறது. அரிச்சந்திர ராஜா பிள்ளையில்லாமல் வருணனை வேண்டினானாம். பிள்ளை பிறந்தால் அதையே உனக்குப் பலி கொடுக்கிறேன் என்றானாம். ரோகிதன் என்கிற பிள்ளை பிறந்தது. ராஜா தவணை சொல்லிக்கொண்டே வந்தான். பிள்ளை வளர்ந்து, வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடிவிட்டான். உடனே வருணன் ராஜாவைப் பிடித்துக்கொண்டான். ராஜாவின் வயிறு வீங்கிவிட்டது. பிறகு காட்டில் பசியால் வாடிய அஜீகர்த்தன் என்கிற ரிஷி, தன் நடுப்பிள்ளை சுனச்சேபனை நூறு பசுவுக்கு விற்கிறான். பலிக்கம்பத்தில் கட்டுவதற்கு ஆள் வரவில்லை. இன்னும் நூறு பசு கொடுத்தால் நானே கட்டுகிறேன் என்று தகப்பன் கட்டுகிறான். வெட்டவும் ஆள் வரவில்லை; இன்னும் நூறு பசுவுக்கு நானே வெட்டுகிறேன் என்று கத்தியைத் தீட்டிக்கொண்டு வருகிறான். பையன் தேவர்களைத் துதிக்க, கட்டும் அவிழ்ந்ததாம், ராஜாவின் வயிறும் வற்றியதாம்!

தோழர்களே! ராஜாவின் வயிறு வற்றுவதற்கு ஏழைப் பிள்ளையின் கழுத்து! இது ஒரு கடவுளுடைய நியாயம்! இக்கதையை எழுதினவர்களுக்குப் பெருவயிறு என்கிற வியாதி தெரிந்திருக்கிறது. அந்த மட்டில் சரி. ஆனால் காரணம் கேட்டால் வருணன் கோபம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். காரணத்தை ஒரு தேவன் தலையில் போட்டுவிட்டால், அதன்பிறகு வயிற்றைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை அல்லவா?

இது நம் நாட்டின் குற்றம் மாத்திரமல்ல. கிரேக்க தேசத்தில் கி.மு. 5-ம் நூற்றாண்டு வாக்கில் ஹெராகிளிட்டஸ் என்று ஒரு பெரிய ஞானி இருந்தார். அவருக்கு நீர்க்கட்டு வந்தபோது, மாட்டுத் தொழுவத்தில் சாணத்துக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டால் அதன் சூட்டினால் நீர் இழுபட்டுவிடும் என்று அவர் நம்பினதாகவும், அப்படியே இறந்துபோனதாகவும் பிற்காலத்தில் அவர் சரித்திரம் எழுதினவர் சொல்லுகிறார். கதை முழுவதும் மெய்யோ என்னவோ, ஞானிகூடக் காரணம் தெரியாதவிடத்தில் சாணத்தை நம்புவான் என்பதற்கு இது உதாரணமாகும். அதே கிரேக்கரில் எரசிஸ்டிராட்டஸ் என்கிற வைத்தியர் கி.மு. 3-ம் நூற்றாண்டில், இவ்வியாதியில் இறந்தவர்களின் கல்லீரல் கல்லைப்போல் கெட்டியாயிருப்பதைக் கண்டு சொன்னார். சாணமும் கிரேக்கரிடத்திலே, சத்தியமும் அதே கிரேக்கரிடத்திலே! வித்தியாசம் என்னவென்றால் ஒருவர் நம்பினார், மற்றவர் பார்த்தார். 1819-ல் பிரெஞ்சு டாக்டர் லென்னக் என்பவர் அந்தக் கெட்டிக் கல்லீரலுக்கு 'சிரோசிஸ்' என்று பெயர் வைத்தார்.

இனி, நம் ஊர்களில் நடப்பதைச் சொல்லுகிறோம். நமக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில், புருஷனை இழந்து கூலி வேலை செய்து பிழைத்த ஒரு அம்மாளுக்கு வயிறு பெரிதாகிக்கொண்டு வந்தது. ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. மாதக் கணக்கு எண்ணினார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் ஒதுங்கினார்கள். சொந்த அண்ணனே வாசற்படி ஏறாதே என்றான். அந்த அம்மாளுக்குச் சாயங்காலந்தோறும் காய்ச்சல் அடித்ததையும், கையும் காலும் குச்சியாய் இளைத்ததையும் ஒருவரும் பார்க்கவில்லை. வயிற்றை மாத்திரம் பார்த்தார்கள். கடைசியில் நம் தோழியர் ஒருவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வயிற்றில் இருந்தது பிள்ளையல்ல, காசநோயினால் கட்டின நீர். ஆறு மாதம் மருந்து, அதுவும் இலவசம். வயிறும் வற்றிற்று, உடம்பும் தேறிற்று. ஆனால் ஊர் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டதா? இல்லை. "அம்மன் கண்ணைத் திறந்தாள்" என்று பொங்கல் வைக்கச் சொன்னார்கள்! ஆறு மாதம் தவறாமல் மருந்து விழுங்கினவளுக்குப் பெருமையில்லை; கண்ணைத் திறந்தவளுக்குப் பொங்கல்!

இதை ஏன் சொல்லுகிறோமென்றால், "வயிற்றில் நீர் கட்டினவன் எத்தனை நாள் இருப்பான்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பதற்காகத்தான். எதனால் நீர் கட்டியது என்பதைப் பொறுத்தது பதில். காசநோயானால் பெரும்பாலும் பூரணமாகக் குணமாகும். இருதயமானால், சிறுநீரகமானால், அவற்றின் நிலைமையைப் பொறுத்தது. புற்றுநோய் வயிற்றுச் சவ்வில் பரவினதால் கட்டின நீரானால், மறைக்காமல் சொல்லுவதானால், பெரும்பாலோருக்குச் சில மாதங்களே. ஆனால் பெண்களுக்குச் சூல்பையில் வருகிற புற்றுநோய்க்கு வைத்தியம் நன்றாகப் பிடிப்பதால் அவர்கள் அதிக காலம் இருப்பதுண்டு. ஆகவே நீரில் கொஞ்சம் ஊசியால் எடுத்துச் சோதித்துப் பாராமல் ஆயுள் சொல்லுகிறவன் எவனும், அவன் பூணூல் போட்டிருந்தாலும் சரி, கோட்டுப் போட்டிருந்தாலும் சரி, ஊகம்தான் சொல்லுகிறான்.

இனிக் கல்லீரல் சுருங்கினவர்களின் கணக்கைப் பார்ப்போம். கல்லீரல் சுருங்கியும் நீர் கட்டாமலிருக்கிறவர்கள் பல வருஷம் வேலை செய்துகொண்டே இருக்கலாம். பத்து வருஷத்திற்குள் அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நீர் கட்டிவிடுகிறது. நீர் கட்டினவர்களில் முதல் வருஷத்தில் 100க்கு 15 முதல் 20 பேரும், ஐந்து வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேரும் இறந்துபோகிறார்கள். வியாதி முற்றியபின் வருகிறவர்கள் அதிகமுள்ள ஆஸ்பத்திரிகளில் இரண்டே வருஷத்தில் பாதிப்பேர் இறந்ததாகவும் கணக்கு உண்டு. உப்பைக் குறைத்து, மாத்திரையும் கொடுத்து, அப்படியும் அடங்காமல் திரும்பத் திரும்ப நீர் சேருகிற நிலைமை வந்துவிட்டால், வேறு கல்லீரல் வைக்காதவரையில், அவர்களில் பாதிப்பேர் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்திற்குள் இறக்கிறார்கள். இது பயமுறுத்துவதற்காகச் சொல்லுவதல்ல. உண்மை தெரிந்தவன்தான் சரியான காரியம் செய்யமுடியும்.

ஆனால் இந்தக் கணக்கை ஜோசியக் கணக்குபோல் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதிப்பேர் இரண்டு வருஷத்தில் இறந்தார்கள் என்றால், உங்கள் தகப்பனாருக்கு இரண்டு வருஷம் என்று அர்த்தமல்ல; மற்றப் பாதிப்பேர் அதற்குமேல் இருந்தார்கள் என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. எந்தப் பாதியில் சேருவார் என்பதை ஓரளவு காட்டுவதற்கும் டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இரத்தத்தில் பித்தநீர்ச் சத்து எவ்வளவு, ஆல்புமின் எவ்வளவு, இரத்தம் உறைய எவ்வளவு நேரம், சிறுநீரகம் எப்படி, உப்புச் சத்து எப்படி, புத்தி தெளிவாயிருக்கிறதா என்பவற்றைப் பார்த்து எண்போட்டுத் தரம் பிரிக்கிறார்கள். இதுவும் ஒரு ஜாதகம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஜாதகம் பிறந்த நேரத்தில் எழுதினதல்ல. இன்று காலையில் எடுத்த இரத்தத்தில் எழுதினது. நோயாளி ஒழுங்காக நடந்தால் மூன்று மாதத்தில் இந்த ஜாதகம் மாறும். எந்த ஜோசியனாவது கட்டத்திலுள்ள சனியை மருந்து கொடுத்து வெளியேற்றியிருக்கிறானா?

ஆயுள் முன்பே எழுதப்பட்டது என்கிறவர்களை நாம் இன்னொன்று கேட்கிறோம். வயிற்றில் கட்டின நீரில் கிருமி சேர்ந்து சீழாவது ஒரு பெரிய ஆபத்து. அந்த ஆபத்தை டாக்டர்கள் முதன்முதல் கண்டறிந்து எழுதிய காலத்தில் அது வந்தவர்களில் 100க்கு 90 பேருக்குமேல் இறந்தார்கள். இப்போது சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தும் ஆல்புமினும் ஏற்றினால் இறக்கிறவர்கள் 100க்கு 20 பேர் அளவுதான். அப்படியானால் நடுவிலுள்ள 70 பேருடைய தலையெழுத்தை அழித்தது யார்? பிரமனா, டாக்டரா? கல்லீரலைக் கெடுக்கும் 'ஹெபடைடிஸ் சி' என்கிற கிருமி 1989-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று மாத்திரையாகவே மூன்று மாதம் சாப்பிட்டால் 100க்கு 95 பேருக்குமேல் அக்கிருமி ஒழிந்துபோகிறது. முப்பது வருஷத்தில் மனிதன் மாற்றினதை, மூவாயிரம் வருஷத்து மந்திரம் மாற்றவில்லையே, ஏன்?

மந்திரமில்லாத வைத்தியமும் ஒரு காலத்தில் திணறித்தான் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஜெர்மானிய சங்கீத வித்துவான் பீத்தோவனுக்கு, வியன்னா நகரில் 1826 டிசம்பரில் வயிற்றில் துளைபோட்டு நீர் எடுத்தார்கள். அடுத்த பிப்ரவரிக்குள் நான்கு தடவை எடுத்தார்கள். 1827 மார்ச் 26-ல் தமது 56-வது வயதில் அவர் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்ததில் கல்லீரல் பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. 2023-ல் அவருடைய தலைமயிரை ஆராய்ந்தவர்கள், அவருக்குப் பிறவியிலேயே கல்லீரல் கெடக்கூடிய சுபாவம் இருந்ததையும், 'ஹெபடைடிஸ் பி' கிருமி இருந்ததையும் கண்டார்கள். அவர் குடித்தவர்தான், ஆனால் குடி மாத்திரமே காரணமல்ல என்று இறந்து 196 வருஷத்துக்குப்பின் தெரியவந்திருக்கிறது.

இங்கேதான் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. நமது இயக்கத்தில் வெகுநாள் உழைத்த ஒரு தோழர் இருந்தார். சாராயத்தைத் தொட்டவரல்ல. சர்க்கரை வியாதியும், பருத்த உடம்பும் உள்ளவர். அவருக்கு வயிறு வீங்கத் தொடங்கியபோது, அவர் ஜோசியனிடம் போகவில்லை; போகமாட்டார். ஆனால் டாக்டரிடமும் போகவில்லை! "வயிறு வீங்கினால் குடிகாரன் என்பார்கள், மேடையில் ஒழுக்கம் பேசினவன் ஒளிந்து குடித்தான் என்று எதிரிகள் சிரிப்பார்கள்" என்று சட்டையைத் தளர்த்தித் தைத்துப் போட்டுக்கொண்டார். எட்டு மாதம் மறைத்தார். கொழுப்புச் சேர்ந்தும் கல்லீரல் கெடும், சர்க்கரை வியாதிக்காரருக்கு அது அதிகம் என்பதை அவரும் அறியவில்லை, நாமும் அறியவில்லை. இரத்த வாந்தி எடுத்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். நான்காம் நாள் இறந்தார். அவரைக் கொன்றது மூடநம்பிக்கையல்ல என்று நாம் சொல்லிக்கொள்ள முடியுமா? "வயிறு வீங்கினவன் குடிகாரன், குடிகாரன் அனுபவிக்கவேண்டியவன்" என்று நாமும்தானே பேசிக்கொண்டிருந்தோம்? முன் ஜென்ம வினை என்பதை விட்டுவிட்டு இந்த ஜென்ம வினை என்று பிடித்துக்கொண்டால், அது கர்மத்திற்குச் சட்டை மாற்றிப் போட்டதேயொழிய பகுத்தறிவாகுமா?

குடித்தே கெட்டவனாயிருந்தால்தான் என்ன? குடியை அன்றே அடியோடு நிறுத்தினால், அவர்களில் பலருக்குக் கல்லீரல் ஓரளவு தேறி, நீரும் வற்றி, வருஷக்கணக்காக இருக்கிறார்கள். ஏசுவதனால் ஒருவனும் குடியை விட்டதாகக் காணோம். கைப்பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதனால் விட்டவர்களைக் கண்டிருக்கிறோம்.

இனி, இவ்வியாதி உள்ள வீட்டார் செய்யவேண்டியதென்ன? முதலாவது உப்பு. ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து ஐந்து கிராம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குமேல் உப்புக் கூடாது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வற்றல், கடைப் பலகாரம் இவற்றை விடவேண்டும். இந்துப்பு நல்லது என்று சிலர் விற்கிறார்கள், அதுவும் உப்புத்தான். இரண்டாவது, பத்தியம் என்ற பெயரால் நோயாளியைப் பட்டினி போடாதீர்கள். இவர்களுக்குப் புரதச் சத்து மற்றவர்களைவிட அதிகம் வேண்டும். முட்டை, பருப்பு, மீன், பால் கொடுக்கலாம். இரவு படுக்குமுன்பும் கொஞ்சம் ஆகாரம் கொடுக்கவேண்டும். வெறும் கஞ்சி ஊற்றி எலும்பாக்கிவிட்டு, "வியாதி உருக்கிவிட்டது" என்று அழுவதில் பிரயோஜனமில்லை. மூன்றாவது, நீர் பிரியும் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் கொடுத்து, தினம் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். நான்காவது, மூட்டு வலி, தலைவலி என்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இலை, வேர், செந்தூரம் என்று பெயர் தெரியாததையும் கொடுக்காதீர்கள். கெட்டுப்போன கல்லீரல் அதைத் தாங்காது. ஐந்தாவது, காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தாலும், மலம் தார்போல் கறுத்தாலும், இரத்த வாந்தி வந்தாலும், பேச்சுக் குழறிப் பகலில் தூக்கமும் இரவில் விழிப்புமானாலும், சிறுநீர் குறைந்தாலும், அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. அதைப் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்தால், பேய் போகாது, உயிர்தான் போகும்.

"துளைபோட்டு நீர் எடுத்தால் அவ்வளவுதான், ஆள் பிழைக்கமாட்டான்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி ஏன் தோன்றிற்று? ஆள் சாகப்போகும் சமயத்தில் மாத்திரம் துளைபோடச் சம்மதித்ததால்! குடை பிடித்ததனால் மழை வந்தது என்பதுபோலத்தான் இது. ஆஸ்பத்திரியில் முறையாகச் செய்தால் ஆபத்து மிகச் சொற்பம். ஐந்து லிட்டருக்குமேல் எடுத்தால் ஆல்புமின் ஏற்றுகிறார்கள். மூச்சு முட்டிக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

வராமல் தடுப்பது இவை எல்லாவற்றிலும் மேலானது. 'ஹெபடைடிஸ் பி' என்ற கிருமியை 1965-ல் வெளிப்படுத்திய பாருக் பிளம்பெர்க் என்பவருக்கு 1976-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2011 முதல் இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாகப் போட்டு வருகிறார்கள். பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி. தாய்மார்களே! குழந்தை பிறந்ததும் நேரம் குறித்துக்கொண்டு ஜாதகம் எழுத ஓடாதீர்கள். அந்த நேரத்தைக்கொண்டு ஊசி போட்டாயிற்றா என்று கணக்குப் பாருங்கள். பிள்ளையின் ஆயுள் அந்தக் கணக்கில் இருக்கிறது.

கடைசியாக, வேறு கல்லீரல் வைக்கிற வைத்தியம். 1963-ல் அமெரிக்காவில் ஸ்டார்சல் என்ற டாக்டர் முதலில் செய்து பார்த்தபோது நோயாளி பிழைக்கவில்லை. 1967-ல் வெற்றி கண்டார். இன்று நல்ல ஆஸ்பத்திரிகளில் ஒரு வருஷம் கழித்து 100க்கு 85 பேருக்குமேல் உயிரோடிருக்கிறார்கள்; ஐந்து வருஷம் கழித்து 70 பேருக்குமேல் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. நீர் கட்டின உடனேயே இதைப்பற்றி டாக்டரிடம் கேட்கவேண்டும். கடைசி மூச்சில் கேட்டுப் பயனில்லை. ஆனால் கல்லீரல் கடையில் விற்பதல்ல. உயிரோடிருப்பவர் தம் கல்லீரலில் ஒரு பாகம் கொடுக்கலாம். அது திரும்ப வளர்ந்துகொள்ளும். மூளை இறந்துபோனவரின் குடும்பத்தார் சம்மதித்தும் கொடுக்கலாம். "உறுப்பில்லாமல் எரித்தால் அடுத்த ஜென்மத்தில் ஊனமாய்ப் பிறப்பான்" என்று தடுக்கிறவர்களைக் கேளுங்கள்: எரித்தபிறகு எந்த உறுப்பு மிச்சமிருக்கிறது? சாம்பலாகிறதை ஒரு மனிதனாக்குவது பாவமா? இப்படிக் கொடுத்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசாங்கம் அறிவித்தது. சாதி பார்க்காமல் இரத்தமும் கல்லீரலும் ஏறுகிற அந்த மேஜையைவிடப் பெரிய சமபந்தி எது என்று நாம் கேட்கிறோம்.

எல்லாம் செய்தும் சிலர் பிழைக்கமாட்டார்கள். பகுத்தறிவு சாகாவரம் தருவதாக நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பூசாரிக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். குணமாகாது என்று தெரிந்தால், நோயாளி கேட்கும்பட்சத்தில் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் கடனைத் தீர்க்கட்டும், மகளைப் பார்க்கட்டும், மனதிலுள்ளதைச் சொல்லட்டும். பரிகாரத்திற்கு நிலத்தை விற்பதற்குப் பதிலாக, நீரை எடுத்து, வலியை அடக்கி, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைவிதியைக் காட்டி ஏமாற்றப்படாமல் இறப்பதும் ஒரு சுயமரியாதைதான்.

அந்த வாலிபரின் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறோம். அவர் தகப்பனாருக்கு 'ஹெபடைடிஸ் பி' என்று தெரிந்தது. மருந்தும் உப்பில்லாச் சாப்பாடும் நடந்து வருகின்றன. வயிறு பாதி வற்றியிருக்கிறது. பூரண குணமென்று டாக்டர் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. தை வந்துபோய்விட்டது. இதைக்கொண்டு ஜோசியம் பொய் என்று நாம் வாதாடவில்லை. அவர் தையில் இறந்திருந்தாலும் ஜோசியம் பொய்தான். ஆனால் டாக்டர் வீட்டார் எல்லோரையும் சோதிக்கச் சொன்னதில், ஒரு நோவுமில்லாத அவருடைய தம்பிக்கும் அக்கிருமி இருப்பது தெரிந்தது. இப்போதே கவனித்து வந்தால் அவனுக்கு அநேகமாக வயிற்றில் நீர் கட்டும் காலமே வராது. எந்த ஜாதகத்தில் அவன் பெயர் இருந்தது?

தோழர்களே! நாம் சொன்னதற்காக எதையும் நம்பவேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள். நாளைக் காலையில் உங்கள் தெருவில் வயிறு வீங்கின ஒருவரைக் கண்டால், அவர் செய்த பாவம் என்ன என்று யோசிக்காமல், அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக எந்த வண்டி கிடைக்கும் என்று யோசியுங்கள். இவ்வளவு நேரம் நாம் பேசினதின் பலன் அதுதான்.